மேல்பலகைக்கு அடியில் ஒரு குச்சி

ஒன்பதாம் நம்பர் பேஸ் கிடார் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது அதன் மார்பு பிளந்திருந்தது. கச்சேரிக்குப் போகிற வழியில், வேனுக்குள் ஒரு பெரிய ஒலிபெருக்கி அதன்மேல் சாய்ந்துவிட்டதாம். நெலிதா உறையைத் திறந்து பார்த்தாள். மூன்று வாரம் குனிந்த தலை நிமிராமல் குடைந்த பலகை அது. வாங்கின ஆளுக்கு அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. வாசிக்க மட்டும் வந்துவிடுகிறார்கள்!

அண்ணன் வில்மார் அன்றைக்கு மோந்தேவீதேயோவில் இல்லை. மரம் பார்க்க வடக்கே ரிவேராவுக்குப் போயிருந்தான், வியாழக்கிழமைதான் வருவான். இருந்திருந்தால், "நீ இதைப் பாக்காதே நெலி, மனசு கஷ்டப்படும். நான் பாத்துக்கறேன்" என்று வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தியிருப்பான். பதினோரு வருஷமாக அடிபட்டு வந்த எல்லாவற்றையும் அப்படித்தான் அவன் வாங்கிக்கொண்டு போனான். பாசக்கார அண்ணன் என்று இவளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவன் இல்லாததால் நெலிதாவே மெல்லிய கத்தியைச் சூடாக்கி, ஓரத்துப் பசையை இளக்கி, மேல்பலகையைப் பெயர்த்து எடுத்தாள். உள்ளே, கம்பிகளைத் தாங்கும் குதிரை உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, ஒரு குச்சி நின்றுகொண்டிருந்தது.

சுண்டுவிரல் தடிமன். கீழ்முனை நடுக்கட்டையில் ஒட்டியிருந்தது. மேல்முனையில் அவளுடைய பலகையிலிருந்து பிய்ந்துவந்த சிராய். பசை போட்டு, அளவெடுத்து, வேண்டுமென்றே நிறுத்திய குச்சி.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரோ வேறொருவன் பட்டறையில் கொடுத்துப் பழுது பார்த்திருக்கிறான், கிறுக்கன், என்று நினைத்தாள். பிறகு பசையின் நிறத்தைப் பார்த்தாள். குச்சியின் முனையைச் சீவியிருந்த சாய்வைப் பார்த்தாள். இடதுகைக்காரன் சீவிய சாய்வு. அவளுடைய அண்ணன் இடதுகைக்காரன்.

அந்தப் பட்டறையின் பேஸ் கிடாருக்கு ஒரு பெயர் இருந்தது என்றால் அது இந்தப் பலகையால்தான். உள்ளே கெட்டியான ஒரே கட்டை. அது வில்மாரின் வேலை. அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்கப், கம்பி, மின்வேலை எல்லாமும் அவன் பாடு. மேலே, வயலினுக்குக் குடைவதுபோல உள்ளும் புறமும் குடைந்து வளைத்த ஸ்ப்ரூஸ் மரப் பலகை. அது நெலிதாவின் வேலை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை வெற்றிடம். பலகை ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியிருக்கும். மற்றபடி எதையும் தொடாமல் அதிரவேண்டும். அதுதான் முழு விஷயமும். "கட்டையோட பலமும் இருக்கு, வயலினோட மூச்சும் இருக்கு" என்று வாசிக்கிறவர்கள் சொல்லும்போது வில்மார் தங்கையைக் காட்டி, "மூச்சு இவளோடது" என்பான். அதைக் கேட்டுக் கேட்டு அவளும் பூரித்துப்போவாள்.

நடுவில் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்தால் மூச்சு ஏது? அசையாத பலகைக்கும் கதவுக்கும் என்ன வித்தியாசம்? மூன்று வாரம் குடைந்ததற்கு ஒரு பிளைவுட் துண்டை ஒட்டியிருக்கலாமே!

சுவரில் இருபத்து மூன்றாம் நம்பர் தொங்கியது, வார்னிஷ் காய்ந்து, சாந்தியாகோவுக்குப் போகத் தயாராக. அதை இறக்கினாள். அவர்கள் கிடாருக்கு வயலின்போல இரண்டு நெளிதுளை கிடையாது. மேல்பக்கம் ஒன்றே ஒன்றுதான், குதிரையிலிருந்து வெகுதூரத்தில். அது வில்மாரின் யோசனை. அழகுக்காக என்றான். அதன் வழியே பார்த்தால் குதிரைக்கு அடியில் இருப்பது தெரியாது. நெலிதா பிக்கப்பைக் கழற்றினாள். பதினோரு வருஷத்தில் அவள் பிக்கப்பைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அது இருந்த சதுரத் துளைக்குள் பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற குட்டிக் கண்ணாடியை விட்டு விளக்கடித்துப் பார்த்தாள்.

அங்கேயும் நின்றது.

எப்படி இத்தனை வருஷம் தெரியாமல் இருந்தது என்று கேட்பீர்கள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பலகையை விரலால் தட்டித் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டு, அரை மில்லி, கால் மில்லி என்று சுரண்டி, ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வந்ததும் நிறுத்துவாள். எந்த இடத்தில் அது அதிகமாகப் பேசுகிறதோ, அந்த இடத்தில் உள்பக்கம் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். பலகையை வில்மார் கையில் கொடுத்துவிட்டு, வெந்நீர்க் குப்பியையும் மாத்தேத் தேநீர்க் குடுவையையும் தூக்கிக்கொண்டு கடற்கரைச் சாலைக்கு, ராம்ப்ளாவுக்கு, போய்விடுவாள். பசை தடவி, இருபது கிளாம்ப் போட்டு இறுக்கும்போது, மணிபோலப் பேசின பலகை ஊமையாகிப்போகும். அந்தச் சத்தத்தை அவளால் தாங்க முடியாது. கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருப்பாள், பசை பிடிக்கிறவரை. மூடுகிற நாளில் பட்டறையில் வில்மார் மட்டும்தான் இருப்பான்.

மூடின பிறகு அவள் ஒரு தடவைகூடத் தட்டிப் பார்த்ததில்லை. போய்ச் சேர்ந்தவன் கையைப் பிடித்து நாடி பார்க்கிற மாதிரி இருக்கும் என்பாள்.

அவள் ஏபெருக்குப் போன் போட்டாள். ஏபெர் இந்தப் பட்டறையின் முதல் வாடிக்கையாளன். வாரநாளில் பஸ் ஓட்டுகிறவன். மற்ற நேரமெல்லாம் முரசுக்காரர்களோடு சேர்ந்து கண்டோம்பே என்கிற முரசிசை வாசிக்கிறவன். அவனுக்காகத்தான் இருபத்து நான்காம் நம்பர் தயாராகிக்கொண்டிருந்தது. கார்னவல் கச்சேரிக்கு இன்னும் இரண்டு வாரம்.

"ஏபெர், உன் மூணாம் நம்பர்ல பிக்கப்பைக் கழட்டி உள்ள ஒரு கண்ணாடிய விட்டுப் பாரேன். ஏதாவது குச்சி கிச்சி நிக்குதான்னு."

மறுமுனையில் பஸ் டெப்போவின் இரைச்சல்தான் கேட்டது.

"அக்கா, அது வந்து..."

"என்னடா வந்து போயி? பாத்துட்டுச் சொல்லு."

"பாக்கவேண்டாம்கா. இருக்கும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வில்மாரண்ணன் உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு..." அவனுக்குப் பொய் சொல்ல வராது; பாதியிலேயே நின்றுபோனான். "இல்லக்கா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. மொத கிடார் மேடையில ஊளை விட்டுச்சுக்கா. முரசு பக்கத்துல நின்னா போதும், நாய் மாதிரி ஊளை. நிறுத்தவே முடியல. ஜனங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. கச்சேரிய பாதியில விட்டுட்டு எறங்கிட்டோம்."

"ஒண்ணாம் நம்பரை புவெனஸ் அயர்ஸ்காரன் ஒருத்தன் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டான்னு அண்ணன் சொல்லுச்சே? கேக்கு வெட்டிக் கொண்டாடினோமே?"

"எங்கிட்டதான் இருக்கு. அலமாரியில."

நெலிதா போனை வைத்தாள். அந்தக் கேக்கு நினைவுக்கு வந்தது. ஏபெரும் வந்து இரண்டு துண்டு சாப்பிட்டான். முரசுக் கோஷ்டி முழுக்க வந்திருந்தது. ஊருக்கே தெரியும், இவளுக்கு மட்டும் தெரியாது. இவளை நடுவில் நிற்கவைத்துக் கைதட்டியிருக்கிறார்கள். அவமானத்தில் காது இரண்டும் தீயாய் எரிந்தன.

மறுநாள் காலை இருபத்து நான்காம் பலகையை அவளே மூடினாள். பென்சில் குறி உண்டு, குச்சி இல்லை. கிளாம்ப் ஒவ்வொன்றாக இறுகும்போது பலகையின் சத்தம் சுருங்கிச் சுருங்கிப் போவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ராம்ப்ளாவுக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் வில்மார் வந்தான். தோளில் மூட்டை, கையில் தங்கைக்காக வாங்கிய கொய்யாப்பழ மிட்டாய். வேலைமேஜைமேல் ஒன்பதாம் நம்பரின் குச்சி தனியாக நின்றது. அதைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"உக்காரு" என்றாள் நெலிதா. "உக்காந்து சொல்லு. பூசி மெழுகாம சொல்லு."

"நெலி..."

"எத்தனை கிடார்ல?"

"ஒண்ணாம் நம்பரைத் தவிர எல்லாத்துலயும்."

"எனக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா? கை வேலை செய்யாதுன்னு நெனச்சியா? என்னன்னு நெனச்சே?"

வில்மார் மிட்டாயை மேஜையில் வைத்தான். "அப்ப நீ இருந்த நெலமை உனக்கே தெரியும். நீ வேலை கத்துக்கிட்ட வயலின் பட்டறையில அந்தாளு எல்லார் முன்னாடியும் உனக்குக் காதே இல்லைன்னு சொல்லித் துரத்திவிட்டிருந்தான். அப்பாவும் போயிட்டாரு. ஆறு மாசம் நீ யார்கிட்டயும் பேசல. அப்பறம் அந்த மொதப் பலகையக் குடைஞ்சே. எந்திரிச்சு உக்காந்தே, சாப்பிட்டே, சிரிச்சே. அன்னிக்கு ராத்திரி மேடையில அது ஊளை விட்டப்ப, நான் எப்படி வந்து உன்கிட்ட சொல்றது? சொல்லியிருந்தா உளியத் தூக்கிப் போட்டிருப்பே."

"போட்டிருப்பேன். என் உளி. நான் போடுவேன், எடுப்பேன். உனக்கென்ன?"

"நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதுக்கு ஒரு தடவை செய்யலாம். இருபத்திரண்டு தடவையா? ஒவ்வொரு தடவையும் நான் வாசல் தாண்டறதுக்குக் காத்திருந்து செஞ்சிருக்கே. திருடன் மாதிரி!"

வில்மார் கண்ணைக் கசக்கினான். அழுகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன்மேல் இரக்கம் வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இருபத்து நாலை மூடிட்டேன்" என்றாள். "குச்சி கிடையாது. பிக்கப்பை மாட்டிக் குடு. ஞாயித்துக்கிழமை ஒத்திகையில ஏபெர் முரசுக்குப் பக்கத்துல நின்னு வாசிக்கட்டும். அப்ப நான் கத்துக்குட்டி. இப்ப பதினோரு வருஷம் கைப்பழக்கம் இருக்கு. அது ஊளை விடலைன்னா, எல்லாருக்கும் நீயே எழுதிப் போடு. இருபத்திரண்டு பேருக்கும். உங்க கிடார்ல என் தங்கச்சி வேலைய நான் அமுக்கி வெச்சிருக்கேன்னு."

"விட்டுச்சுன்னா?"

"விட்டுச்சுன்னா அந்த வயலின்காரன் சொன்னது சரி. அதுக்கப்பறம் நான் உளியத் தொடமாட்டேன்."

"நெலி, வேண்டாம். அது விடும். சாமி சத்தியமா விடும்."

"வாயை மூடிட்டு மாட்டு."

வில்மார் மாட்டினான். இரண்டு நாள் ஒவ்வொரு மின்கம்பியாகப் பற்றவைத்தான். இதுவரை ஒரே வெந்நீர்க் குப்பி, ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல் என்று மாறிமாறிக் குடித்த பட்டறையில் அந்த இரண்டு நாளும் இரண்டு குப்பிகள் இருந்தன. தபால்காரர் கதவைத் திறந்து அதைப் பார்த்துவிட்டு, யார் செத்துப்போனது என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு முரசுக்காரர்களின் கொட்டகை முற்றத்தில் ஒத்திகை. பழைய அட்டைப்பெட்டிகளையும் பழப்பெட்டிப் பலகைகளையும் போட்டுத் தீ மூட்டியிருந்தார்கள். முரசுகளைச் சுற்றிச் சாய்த்து வைத்து, தோல் காய்ந்து விறைப்பாகும்வரை காத்திருந்தார்கள். நடுவில் தெல்மீரா. அறுபத்தைந்து வயது, தோளில் மாட்டுகிற பெரிய முரசுக்குப் பியானோ என்று பெயர், கோஷ்டியிலேயே அடித்தொண்டை அதற்குத்தான். அது நெலிதாவின் அப்பா வாசித்த முரசு. அவர் போன பிறகு தெல்மீராவிடம் வந்துசேர்ந்தது.

"வாடி என் ராசாத்தி" என்றாள் தெல்மீரா. "என்ன, அண்ணன் ஒரு மூலை, தங்கச்சி ஒரு மூலை?"

"அத்தை, உங்களுக்கும் தெரியும்தானே?"

தெல்மீரா தீயைக் கிளறினாள். "தெரியும்" என்றாள். "தப்புத்தான்." தோலைக் கையால் தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று முரசைத் திரும்பச் சாய்த்தாள்.

ஏபெர் இருபத்து நான்காம் நம்பரைத் தோளில் மாட்டிக்கொண்டான். வார்னிஷ் போடாத வெள்ளைக்கட்டை, மரவாசம் இன்னும் போகாதது. ஆம்ப்ளிஃபையரைப் போட்டான். வேண்டுமென்றே தெல்மீராவுக்குப் பக்கத்தில், முழங்கை இடிக்கிற தூரத்தில் நின்றான். நெலிதாதான் அங்கே நிற்கச் சொன்னாள்.

முதல் தட்டு விழுந்தது. முரசுகள் எல்லாம் சூடாக, விறைப்பாக, உயரத்தில் பேசின. ஏபெர் நுழைந்தான். ஐயோ, அந்தச் சத்தம்! பலகை வாயைத் திறந்துகொண்டு பாடிற்று. ஒவ்வொரு ஸ்வரத்துக்குப் பின்னாலும் மூச்சுவிடுகிற மாதிரி ஒரு விரிவு. பதினோரு வருஷமாகத் தன் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததை நெலிதா வெளியே கேட்டாள். ஏபெரின் முகம் விரிந்துபோயிற்று. முதல் பாட்டு முடிந்தது. ஊளை இல்லை. இரண்டாம் பாட்டு. ஊளை இல்லை.

நெலிதா திரும்பி அண்ணனைப் பார்த்தாள். எழுதத் தயாராக இரு, என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வில்மார் அவளைப் பார்க்கவில்லை. அணைந்துகொண்டிருந்த தீயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் பாட்டின் நடுவில் கடற்காற்று முற்றத்துக்குள் திரும்பிற்று. தோல்கள் ஆறத் தொடங்கியிருந்தன. தோல் ஆற ஆற முரசு இறங்கும். அது எல்லாருக்கும் தெரிந்ததுதான், இரண்டு பாட்டுக்கொரு தடவை மறுபடியும் தீயிடம் போவது அதற்காகத்தான். அன்றைக்கு யாரும் போகவில்லை. தெல்மீராவின் முரசு அரை ஸ்வரம் இறங்கிற்று. இன்னும் கொஞ்சம் இறங்கிற்று.

அப்போது கிடார் ஊளையிட்டது.

ஏபெர் தந்திகளை உள்ளங்கையால் அமுக்கினான். நிற்கவில்லை. தெல்மீரா அடிக்க அடிக்க அது இன்னும் பெரிதாயிற்று. வயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையை நிரப்பி, கொட்டகைத் தகரம் நடுங்குகிற அளவுக்கு ஒரே ஸ்வரம். தெருநாய் ஒன்று பதிலுக்குக் குரைத்தது. கடைசியில் ஏபெர் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபையரை அணைத்தான்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கைக்குச்சிகளைத் தொடையில் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தராவது சிரித்திருந்தால் நெலிதாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆனால் அவள் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. அவள் அந்த ஸ்வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரிந்த ஸ்வரம். ஒவ்வொரு பலகையிலும் தட்டித் தட்டி, சுரண்டிச் சுரண்டி, இதுதான், இதுதான் சரி என்று அவள் கை நின்ற அதே ஸ்வரம். தெல்மீராவின் தோல் ஆறி இறங்கி இறங்கி, சரியாக அங்கே வந்து தொட்டதும் பலகை பதில் சொல்லியிருக்கிறது.

"அத்தை, இன்னொரு தடவை அடிங்க. தனியா."

தெல்மீரா அடித்தாள். ஆறிப்போன முரசு, தொளதொளத்த குரலில் பேசிற்று.

அப்பா ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வருவார். நெலிதா படுக்கையில் கிடப்பாள். தீ இல்லை, தோல் ஆறியிருக்கும். களைத்துப்போய், வாசல் வரைக்கும் சும்மா ஒரு தட்டு, இரண்டு தட்டு தட்டிக்கொண்டே வருவார். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா வந்துவிட்டார் என்று அர்த்தம், அதற்கப்புறம்தான் தூக்கம். சரியான ஸ்வரம் எது என்று அவள் காது அங்கேதான் கற்றுக்கொண்டிருக்கிறது. எந்தப் பலகையை எடுத்தாலும் கை தானாக அங்கேயே போய் நின்றிருக்கிறது. அந்த முரசுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிற கிடாருக்கு, அந்த முரசின் ஸ்வரத்தையே வைத்திருக்கிறாள்! வேறு ஊரில் பிறந்தவள் செய்திருக்க மாட்டாள் இந்த முட்டாள்தனத்தை.

வில்மார் பக்கத்தில் வந்து நின்றான். நான் சொன்னேனே என்று சொல்லவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தான். அளவாக வெட்டி, முனை சீவிய புதுக் குச்சி.

"கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாந்திருக்கேன். ஒத்திகை பாதியில நிக்குது. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"நானே வெக்கறேன்." பிக்கப்பைக் கழற்றினாள். "எந்த இடத்துல?"

"எப்பவும் வெக்கற இடம்தான்."

"அதான் எந்த இடம்? எப்படிக் கண்டுபிடிச்சே?"

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? நீ பென்சில்ல ஒரு குறி போட்டுக் குடுப்பியே. அது மேலதான்."

நெலிதா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பலகை அதிகமாகப் பேசும் இடம் என்று அவள் தேடிக் கண்டுபிடித்துக் குறித்துக் கொடுத்த இடம். அதே இடத்தில்தான் இவன் வாயைப் பொத்தியிருக்கிறான். அவளுடைய காதை நம்பித்தான் பொத்தியிருக்கிறான். அவளைத் தவிர வேறு யார் குறித்திருந்தாலும் குச்சி சரியாக உட்கார்ந்திருக்காது.

வளைந்த கம்பியில் குச்சியைக் குத்தி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே உள்ளே விட்டாள். இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை, பெருக்கல் குறியின் நட்டநடுவில் நின்றது.

மறுபடி வாசித்தார்கள். தோல்கள் நன்றாக ஆறியிருந்தன. ஊளை வரவில்லை. கெட்டியான, உருண்டையான, அடக்கமான சத்தம். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏபெர் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே, யோசிக்காமல், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான்: "ஆ, இதுதான்! நெலிதாக்கா பலகைன்னா இதுதான்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. விரல் தடுமாறிற்று. யாரும் நிறுத்தவில்லை, பாட்டு ஓடி முடிந்தது.

முரசுகளைத் திரும்பத் தீயிடம் கொண்டுபோனார்கள். தெல்மீரா எண்ணெயில் பொரித்த தோர்த்தா ஃப்ரீத்தா ரொட்டித் தட்டை நீட்டினாள். நெலிதா வேண்டாமென்று தலையசைத்துவிட்டு முற்றத்து ஓரத்துச் சுவரில் போய் உட்கார்ந்தாள். வில்மார் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"அண்ணே" என்றாள். நாலு நாளில் முதல் தடவை அப்படிக் கூப்பிட்டாள். "அது எந்த ஸ்வரத்துல ஊளை விடுதுன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா, ஒரு வாரம் போதும். பலகைய இன்னும் கொஞ்சம் தடிமனா விட்டு, முரசு தீக்குப் பக்கத்துல இருக்கும்போது பேசற உயரத்துக்கும் மேல வெச்சிருப்பேன். ஆறி எவ்வளவு இறங்கினாலும் அதைத் தொட்டிருக்காது. ரெண்டாம் நம்பர்லயே சரி பண்ணியிருப்பேன்."

வில்மார் சுவர்ச் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"நான் ஊளை விடற பலகைய செஞ்சதை எனக்குச் சொல்லாம விட்டே. அது பரவாயில்லை. அதைச் சரி பண்ண என்னால முடியும்னு உனக்குத் தோணவே இல்லையே அண்ணே. பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூடத் தோணல."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இந்தத் தடவை அவள் வேறு பக்கம் திரும்பவில்லை, நன்றாகப் பார்த்தாள்.

"உளியத் தொடமாட்டேன்னு சொன்னியே" என்றான் கடைசியில். "நாளைக்கு வருவியா, மாட்டியா?"

"வருவேன்."

"நெலி..."

"இருபத்தஞ்சாம் பலகைய ஸ்வரம் மேல ஏத்திக் குடைவேன். அப்பா ஸ்வரம் அதுல இருக்காது." தெல்மீராவின் முரசை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "குறி போடமாட்டேன். நானே மூடுவேன். மூடற அன்னிக்கு நீ வெந்நீர்க் குப்பியத் தூக்கிட்டு ராம்ப்ளாவுக்குப் போ."

"நானா? அங்க போயி நான் என்ன பண்ணட்டும்?"

"நான் பண்ணினதையே பண்ணு. உள்ள எல்லாம் சரியாத்தான் நடக்குதுன்னு நம்பிக்கிட்டு, கடலைப் பாத்து உக்காந்திரு."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணிநேரம். பசை பிடிக்கறவரைக்கும்."

தெல்மீரா முரசைத் தட்டிப் பார்த்து, ஏறிவிட்டது, வாருங்கள் என்று கூப்பிட்டாள். வில்மார் எழுந்திருக்கவில்லை. நெலிதா மட்டும் எழுந்து, பாவாடையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு, தன் கிடாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.